மாத்திரையைக் குடுத்தாங்க, சேதியைக் குடுக்கலை

(ஏற்காடு மலை கரடியூரில் தோட்டத் தொழிலாளர்களும் மலைவாழ் மக்களும் கூடிய மாலைக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு மொழி பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



என்னைக் கூப்பிட்ட தம்பிங்க துண்டறிக்கையில 'சுகாதார விழிப்புணர்வு உரை'ன்னு போட்டிருக்காங்க. அந்தத் தலைப்போடயே எனக்கு ஒரு சண்டை இருக்கு. விழிப்புணர்வு ஏற்படுத்தணும்னா யாரோ தூங்கிக்கிட்டிருக்காங்கன்னு அர்த்தம். விடியறதுக்கு முன்னாடி எழுந்து, தண்ணி புடிச்சு, சோறு பொங்கி, புள்ளைங்களை அனுப்பிட்டு, காப்பித் தோட்டத்துச் சரிவுல ஏறி நிக்கிற பொம்பளை தூங்குறாளாம். வந்து எழுப்பி விடப்போறாங்களாம், மேசையும் மைக்கும் போட்டு.

நான் சேலத்துப் பக்கத்துச் சேரியில பொறந்தவ. கிராம சுகாதாரச் செவிலியரா இருந்து ஓய்வு பெற்றவ. மலையிலயும் அடிவாரத்துலயும் ஐஸ் பெட்டியைத் தோள்ல மாட்டிக்கிட்டு நடந்திருக்கேன். இத்தனை வருஷத்துல நான் அதிகமாக் கேட்ட வாக்கியம் எதுன்னா, "இந்த ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை." கூட்டத்துல சொல்வாங்க, அறிக்கையில எழுதுவாங்க, படிவத்துல நிரப்புவாங்க. அதைச் சொல்லிட்டா அதுக்கப்புறம் யாரும் எதுக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பழியைச் செத்தவங்க மேலயே போட்டுட்டு டீ குடிக்கப் போயிடலாம்.

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாவே பேசணும். இரும்புச்சத்து மாத்திரை. இங்க இருக்கிற தாய்மார் அத்தனை பேரும் வாங்கியிருப்பீங்க, செகப்பு மாத்திரை. எத்தனை பேர் முழுசா முழுங்கினீங்கன்னு கேட்டா சிரிக்கிறீங்க. நான் வீடு வீடாப் போனவ, எனக்குத் தெரியும். கூரைக்கடியில சொருகி வச்சிருப்பாங்க. அரிசிப் பானைக்குள்ள இருக்கும். ஒரு வீட்ல வாழை மரத்தடியில உரமாப் போட்டிருந்தாங்க. ஏன்?

முழுங்கின மறுநாள் மலம் கறுப்பா வரும். பயந்துடுவாங்க, வயித்துக்குள்ள எதுவோ அழுகிப்போச்சுன்னு. சில பேருக்கு வயித்தைப் பிரட்டும், மலம் கட்டும். நிறை மாசத்துல முக்கினா புள்ளைக்கு ஆகாதுன்னு மாமியார் சொல்லும். "மருந்து உஷ்ணம், புள்ளை பெருசாயிடும், ஆபரேஷன் ஆயிடும்"னு பக்கத்து வீட்டு அக்கா சொல்லும். இதுல எது முட்டாள்தனம்? மலம் கறுத்தா பயப்படறது புத்திசாலித்தனம். வயித்துக்குள்ள ரத்தம் கசிஞ்சாலும் மலம் கறுப்பாத்தான் போகும், டாக்டரே பயப்படுவார். இரும்பு மாத்திரையால வர்ற கறுப்பு வேற, அதால ஆபத்தில்லை, இதைச் சொல்ல அரை நிமிஷம் போதும். அந்த அரை நிமிஷம் சேரிப் பொம்பளைக்குக் கிடைக்கிறதில்லை. மாத்திரையைக் குடுத்தாங்க, சேதியைக் குடுக்கலை.

காப்பி விஷயமும் இருக்கு. நீங்க காப்பித் தோட்டத்துல வேலை செய்றவங்க. குளிருக்கு வறக்காப்பிதான் முதல் ஆகாரம். மாத்திரையையும் அந்தக் காப்பியிலேயே முழுங்குறீங்க. காப்பியும் டீயும் வயித்துல இரும்புச் சத்தைப் புடிச்சு வச்சுக்கிடும், ரத்தத்துல சேர விடாது. மாத்திரைக்கும் காப்பிக்கும் நடுவுல ஒரு மணி, ரெண்டு மணி நேரம் இடைவெளி வேணும். ராத்திரி சோத்துக்கப்புறம் தண்ணியில முழுங்கலாம். நெல்லிக்காயோ எலுமிச்சையோ கூடச் சேர்ந்தா இன்னும் நல்லா ஏறும். நெல்லிக்காய் இந்தப் பக்கத்துல காசு குடுத்து வாங்குற பொருளா? ஆறு மாசம் மாத்திரை முழுங்கியும் ரத்தம் ஏறலைன்னு திட்டு வாங்கின பொண்ணுங்க எத்தனையோ பேர். காப்பியில முழுங்காதேன்னு காப்பி விளையுற மலையில யாரும் சொல்லலை.

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு என்ன சொல்லுதுன்னா, தமிழ்நாட்டுல 15 வயசுல இருந்து 49 வயசு வரைக்கும் இருக்கிற பெண்கள்ல நூத்துக்கு 53 பேருக்கு ரத்தசோகை. அதே ஆய்வுல, பிரசவம் கிட்டத்தட்ட அத்தனையும் ஆஸ்பத்திரியிலதான், 99.6 சதம். அதே தமிழ்நாட்டுல எழுதப் படிக்கத் தெரிஞ்ச பெண்கள் நூத்துக்கு 80-க்கும் மேல. மூணு கணக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ஆஸ்பத்திரி இருக்கு, எழுத்து தெரியுது, ரத்தம் இல்லை. அப்போ எழுத்தறிவுன்னு நாம சொல்றது ஒண்ணு, உடம்பைக் காப்பாத்துற அறிவு வேற ஒண்ணு. (இதுலயும் நம்ம கணக்குத் தனி. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி மாநிலத்துல எழுத்தறிவு 80 சதம், தாழ்த்தப்பட்ட சாதிகள்ல 73, பழங்குடிகள்ல 54.)

ஆனா ரத்தசோகைக்கு மாத்திரை முழுங்காதது மட்டுந்தான் காரணமா? சத்தில்லாத சோறு ஒரு காரணம், அது எல்லாருக்கும் தெரியும். அதிகமாப் பேசப்படாத இன்னொரு காரணம் கொக்கிப்புழு. அந்தப் புழுவோட முட்டை மலத்தோட மண்ணுக்கு வருது. ஈரமான, நிழலான, இலை மக்கின மண்ணுல பொரிக்குது. காப்பிச் செடிக்கு எது நல்ல மண்ணோ அதுவே அதுக்கும் நல்ல மண். அந்தக் குஞ்சுப் புழு வெறுங்காலோட விரல் இடுக்கைத் துளைச்சு உள்ள போகும். ரத்தத்தோட நுரையீரலுக்குப் போயி, அங்கிருந்து தொண்டைக்கு ஏறி, எச்சிலோட முழுங்கினதும் குடல்ல போய்க் கவ்விக்கிட்டு ரத்தம் குடிக்கும். 1920-கள்லயே ராக்ஃபெல்லர் நிறுவனம் சென்னை மாகாணத்துல கொக்கிப்புழு ஒழிப்பு வேலை பார்த்தது. அன்னைக்கே தெரியும், தீர்வு கக்கூசும் செருப்பும்னு.

இப்போ யோசிங்க. "செருப்புப் போடுங்க"ன்னு சுவத்துல எழுதினாங்க. நம்ம தாத்தனுக்கு ஊர்த்தெருவுல செருப்புப் போட்டு நடக்க உரிமை இருந்ததா? கையில தூக்கிக்கிட்டு நடந்தான். போட்டவனைக் கட்டி வச்சு அடிச்சாங்க. செருப்பைத் தச்சவன் சக்கிலி, அதைக் கால்ல போடக் கூடாதவனும் அவன்தான். அந்தக் கால்ல புழு ஏறினதுக்குப் பேரு 'சுகாதார அறியாமை'. சாதியோட சட்டம் தோல் வழியா உள்ள போயி குடல்ல உக்காந்து ரத்தம் குடிச்சிருக்கு, இதை எந்தச் சுகாதாரப் பாடப் புத்தகமும் எழுதலை. நம்ம பத்திரிகையாவது எழுதட்டும்.

இதுக்கு ஆங்கிலத்துல ஒரு பேர் வச்சிருக்காங்க. ஹெல்த் லிட்டரசி. தமிழ்ல உடல்நல எழுத்தறிவுன்னு சொல்லலாம், எனக்கு அந்தச் சொல் முழுசாப் பிடிக்கலை, பரவாயில்லை. 1974-இல சைமண்ட்ஸ்னு ஒருத்தர் பயன்படுத்தின சொல். 2000-இல நட்பீம்ங்கிறவர் அதை மூணு படியாப் பிரிச்சார். வாசிச்சுப் புரிஞ்சுக்கிறது முதல் படி. பேசிக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு நடக்கிறது ரெண்டாவது. தன் உடம்பைக் கெடுக்கிற காரணம் எதுன்னு பார்த்து அதை மாத்தச் சேர்ந்து நிக்கிறது மூணாவது. அவர் பாவ்லோ ஃப்ரெயிரேவைப் படிச்சவர். நம்ம ஊர் அறிவொளிக் காலத்துல தோழர்கள் நிறைய பேசின அதே ஃப்ரெயிரேதான். நமக்கு எப்பவும் முதல் படியைத்தான் காட்டுறாங்க, அதுவும் அரைகுறையா. மூணாவது படிக்குப் போனா "பிரச்சினை பண்றாங்க"ங்கிறாங்க.

முதல் படியோட லட்சணத்தையும் பாருங்க. மருந்துச் சீட்டுல 1-0-1, 1-1-1ன்னு எழுதுறாங்க. காலை, மதியம், ராத்திரி, சாப்பிட்ட பிறகு. மூணு வேளை சாப்பிடற வீடுன்னு முடிவு பண்ணியே எழுதுறது. ரெண்டு வேளை சாப்பிடற வீட்ல நடு மாத்திரையை எப்போ போடறது? ஒரு பாட்டி என்கிட்ட கேட்டுது, "மதியம் சாப்பிடலியே கண்ணு, மாத்திரையைச் சாப்பாடா நினைச்சுக்கட்டுமா?" இதுல யாருக்கு எழுத்தறிவு இல்லை? 2016-இலயே இந்திய மருத்துவக் கழகம், மருந்தோட பொதுப் பேரைப் புரியிற எழுத்துல எழுதணும்னு விதி போட்டது. இன்னைக்கும் சீட்டைப் படிக்கிறவர் மருந்துக்கடைத் தம்பி ஒருத்தர்தான். 2021 ஆகஸ்ட் 5-ல இருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்'னு பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வர்றாங்க, அது நல்ல காரியம், நான் குறை சொல்லலை. ஆனா "தலைசுத்தல் நின்னுபோச்சு, அதனால மாத்திரையை நிறுத்திட்டேன்"னு சொல்றவங்களுக்கு, பிரஷர் சத்தம் போடாம இருக்கிற வியாதின்னு உக்காந்து சொல்ல ஆள் வேணும்.

சேதி சொல்ற முறையில இருந்த கேவலத்தையும் சொல்லணும். என் சின்ன வயசுல முகாம் போட்டா தண்டோரா. பறையைத் தட்டிக்கிட்டுப் போறவர் நம்மாளு. "நாளைக்கு ஊசி போட வர்றாங்க சாமியோவ்"னு கத்துவார். என்ன ஊசி, எதுக்கு, போட்டா ஜுரம் வருமான்னு அவருக்கே யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. மருத்துவச் சேதியைச் சுமக்கக் கட்டாயப்படுத்தப்பட்டவனுக்கு அந்தச் சேதி கிடையாது. 2022 ஆகஸ்டுலதான் தலைமைச் செயலாளர் தண்டோராவைத் தடை பண்ணச் சொல்லிக் கலெக்டர்களுக்கு எழுதினார். அயோத்திதாசப் பண்டிதர் சித்த வைத்தியர், 1907-இல 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையும் நடத்தினார். வைத்தியமும் அச்சும் ஒரே தலித் கையில இருந்த காலம் ஒண்ணு இருந்தது. அந்த வாரிசுகளைப் பறையைத் தட்டி ஊசிக்குக் கூப்பிட வச்சாங்க.

ஊசியைக் கண்டா மலை ஜனங்க ஓடினாங்கன்னு இன்னைக்கும் நக்கல் பண்றவங்க உண்டு. ஏன் ஓடினாங்க? நெருக்கடி நிலைக் காலம் 1975-77. இந்த நாட்டுல கருத்தடைக்கு ஆள் புடிச்ச கதையைக் கேள்விப்படாத கிராமம் இல்லை. அதுக்கப்புறமும் எங்களை மாதிரி நர்சுகளுக்கு இத்தனை கேஸ் கொண்டு வரணும்னு இலக்கு வச்சாங்க, 1996-இலதான் அந்த இலக்கு முறையை எடுத்தாங்க. வெள்ளை யூனிஃபார்மைப் பார்த்து ஒளிஞ்சவங்களுக்கு அனுபவம் இருந்தது. அதுவும் ஒரு அறிவுதான்.

தொட்டுப் பேசறதைப் பத்தி. 2010-இல சங்கமித்ரா ஆச்சார்யா குஜராத்திலயும் ராஜஸ்தான்லயும் தலித் குழந்தைகளை வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க. சுகாதார ஊழியர் மருந்தை எப்படிக் குடுக்குறாங்க, தொடுறாங்களா, வீட்டுக்குள்ள வர்றாங்களா, எவ்வளவு நேரம் பேசுறாங்க, இதையெல்லாம் பார்த்தாங்க. எல்லாத்துலயும் தீண்டாமை இருந்தது. நமக்கு அது புதுசில்லை. மாத்திரையை மேல இருந்து கையில போடுறவங்க, அதை எப்படிச் சாப்பிடணும்னு பக்கத்துல உக்காந்து சொல்லவா போறாங்க?

இப்போ கடல் தாண்டின ஒரு கதை, நமக்குத் தேவையான கதை. 1971-இல கிழக்கு வங்காளத்துல இருந்து அகதிங்க லட்சக்கணக்குல மேற்கு வங்கத்துக்கு வந்தாங்க. போன்கான் முகாம்ல காலரா. நரம்புல ஏத்துற குளுக்கோஸ் தீர்ந்துபோச்சு. திலீப் மஹலனாபிஸ்ங்கிற டாக்டர் உப்பும் சர்க்கரையும் கலந்த பொடியைத் தண்ணியில கரைச்சு வாயால குடிக்கக் குடுத்தார். குடுக்கிற வேலையை நோயாளியோட சொந்தக்காரங்க கையிலயே விட்டார். நூத்துக்கு 30 பேர் செத்த இடத்துல சாவு நாலுக்கும் கீழ வந்துடுச்சு. சர்க்கரை குடல்ல உப்பை இழுத்துக்கிட்டுப் போகும், உப்பு தண்ணியை இழுத்துக்கிட்டுப் போகும், வெறும் தண்ணி நிக்காது, இது நிக்கும். அவ்வளவுதான் விஞ்ஞானம்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியம். வங்கதேசத்துல பிராக்னு ஒரு அமைப்பு 1980-ல இருந்து 1990 வரைக்கும் வீடு வீடாப் போனாங்க. ஒரு கோடியே இருபது லட்சம் வீடு. போஸ்டரையும் நோட்டீஸையும் நம்பி இருக்கலை. அந்தத் தாய்மார்கள்ல பெரும்பாலானவங்களுக்கு எழுத்துத் தெரியாது. ஒரு பொண்ணு வீட்டுக்குள்ள வந்து உக்காந்து, அந்த வீட்டுப் பாத்திரத்துலயே கரைச்சுக் காட்டும். மூணு விரலால எடுக்கிற ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் தண்ணி. அளவு அவங்க கையிலயே இருக்கு, கடையில வாங்க வேண்டாம். அப்புறம் தாயையே கரைக்கச் சொல்லும். மனசுல வச்சுக்க பத்தே பத்து சேதி, பின்னால அதையும் குறைச்சாங்க.

சம்பளம் குடுத்த விதத்தைக் கேளுங்க. கொஞ்ச நாள் கழிச்சு வேற ஒருத்தர் போயி, சில வீடுகளைச் சீட்டுக் குலுக்குற மாதிரி எடுத்து, அந்தத் தாய்க்கு எத்தனை சேதி ஞாபகம் இருக்குன்னு கேப்பாங்க. சரியாக் கரைக்கிறாங்களான்னு பாப்பாங்க. தாய்க்கு எவ்வளவு தெரிஞ்சிருக்கோ அதுக்கேத்த கூலிதான் சொல்லிக்குடுத்த பொண்ணுக்கு. தாய்க்குத் தெரியலைன்னா கணக்கு தாய் மேல இல்லை, சொல்லிக்குடுத்தவங்க மேல. நம்ம ஊர்ல இதை ஒரு மாசம் நடைமுறைப்படுத்தினா எத்தனை பேருக்குச் சம்பளம் கிடைக்கும்? நான் உள்ளே இருந்தவ, சொல்றேன்: ரொம்பப் பேருக்குக் கிடைக்காது.

அப்புறம் ஒரு வேடிக்கை. தாய்மாருக்குத் தெரிஞ்சிருந்தும் நிறைய பேர் பயன்படுத்தலை. ஏன்னு தோண்டிப் பார்த்தா, சொல்லிக்குடுத்த ஊழியர்களே தங்களுக்கு வயித்தால போனா மாத்திரை முழுங்கியிருக்காங்க. அவங்களுக்கே நம்பிக்கை இல்லை. அது எப்படி வேலை செய்யுதுன்னு முதல்ல அவங்களுக்கு முழுசா விளக்கினாங்க, தாய்மார் முன்னாடி அவங்களே ஒரு வாய் குடிச்சுக் காட்டினாங்க. வீட்டு ஆம்பளைங்களுக்கும் கடைவீதியில, மசூதியில போய்ச் சொன்னாங்க. அதுக்கப்புறம் நிலைமை மாறுச்சு.

இந்த மலையில ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இலவசமாக் கிடைக்குது. பெரிய பொட்டலத்தை முழுசா ஒரு லிட்டர் தண்ணியில கரைக்கணும். கொஞ்சம் கொஞ்சமா எடுத்து டம்ளர்ல போட்டா அளவு தப்பிப்போகும், உப்புக் கூடினா குழந்தைக்கு ஆபத்து. ஆனா லிட்டர் அளக்க வீட்ல என்ன இருக்கு? டூரிஸ்ட் வீசிட்டுப் போற தண்ணி பாட்டில் ஒரு லிட்டர், கழுவி வச்சுக்குங்க. அது இல்லேன்னா இங்க இருக்கிற அண்ணன்மாரைக் கேக்குறேன், குவார்ட்டர் எத்தனை மில்லி? பாருங்க, ஒருத்தர் தப்பாமச் சொல்றீங்க, 180. அஞ்சரை குவார்ட்டர் ஒரு லிட்டர். படிப்பறிவு இல்லாத ஜனம்னு யார் சொன்னது? புழங்குற அளவுல சொன்னா யாருக்கும் புரியும்.

நம்ம நாட்டுலயும் நடந்திருக்கு. மகாராஷ்டிராவுல ஜாம்கேட். வேலூர் சி.எம்.சி.யில படிச்ச ரஜனிகாந்த் ஆரோளே, மேபெல் ஆரோளேங்கிற டாக்டர் தம்பதி 1970-இல அங்க போனாங்க. படிச்ச நர்சுங்க கிராமத்துல தங்க மாட்டேன்னாங்க. சரின்னு ஊர்ஜனங்களையே ஒரு பொம்பளையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி அவங்களுக்குப் பயிற்சி குடுத்தாங்க. பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாதவங்க, நிறைய பேர் தலித் பெண்கள். பிரசவம் பார்க்க, குழந்தையை எடை போட, வயித்துப்போக்குக்குக் கரைசல் குடுக்க அவங்கதான். நேத்து வரைக்கும் வாசல்ல நிக்க விடாத வீட்டுக்குள்ள அவங்க போயி மேல்சாதிப் புள்ளையைத் தூக்க வேண்டியதாச்சு. குழாய்க் கிணறு போட்டப்ப இன்னொரு வேலை பண்ணாங்க. கிணத்தைச் சேரிக்குள்ளயே போட வச்சாங்க. தண்ணி வேணும்னா ஊர்க்காரங்க சேரிக்கு வரணும். 1971-இல ஆயிரம் குழந்தைக்கு 176 செத்துக்கிட்டிருந்த இடத்துல இருபது வருஷத்துக்குள்ள அது கால் பங்குக்கும் கீழ போச்சு. கிணறு எந்தத் தெருவுல இருக்குங்கிறதும் மருத்துவம்தான்.

இன்னும் கிட்ட வரலாம். இந்த மலைக்கு அந்தண்ட, தருமபுரி மாவட்டத்துல சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவுல சிட்லிங்கி பள்ளத்தாக்கு. உங்க சொந்தக்காரங்களான மலையாளி மக்கள் இருக்கிற இடம். 1992 ஜூன் 20-இல அதே அரூர்ப் பக்கம் வாச்சாத்தியில வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் என்ன செஞ்சாங்கன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2011-இல தண்டனை, 2023-இல ஐகோர்ட்டு உறுதி பண்ணுச்சு. அரசாங்கம்னா அப்படித்தான்னு ஜனங்க பாத்துக்கிட்டிருந்த அந்த வட்டாரத்துக்கு 1993-இல ரெஜி ஜார்ஜ், லலிதான்னு ரெண்டு டாக்டருங்க வந்தாங்க. ஓலைக் குடிசையில ஆஸ்பத்திரி. அப்போ அங்க ஆயிரம் குழந்தை பொறந்தா ஒரு வயசுக்குள்ள 147 செத்துக்கிட்டிருந்தது. அவங்க வெளியூர் நர்சைத் தேடலை. அங்கத்திய பொண்ணுங்களுக்கே நர்ஸ் வேலை பழக்கினாங்க. ஒவ்வொரு ஊர்லயும் ஜனங்க சொன்ன வயசான அம்மாமாருக்குப் பயிற்சி. அந்த அம்மா வந்து கர்ப்பிணிகிட்டப் பேசும்போது அது மலையாளி பேச்சு, மாமியார் காலத்துப் பயம் எதுன்னு அதுக்கே தெரியும், அதைத் திட்டாமப் பேசத் தெரியும். இருபது முப்பது வருஷத்துல குழந்தைச் சாவு அந்த 147-ல இருந்து 20-க்குப் பக்கத்துல வந்திருக்கு. அதே மலையாளி ஜனங்க, அதே கேழ்வரகு, அதே சாமை. 'பிற்போக்கான பழக்கவழக்கம்'னு எழுதுற பேனாவை மடிச்சு வைக்கச் சொல்லுங்க.

காசநோயைப் பத்தி ரெண்டு வார்த்தை, நேரமாகுது. 1956-ல இருந்து 59 வரைக்கும் சென்னையில ஒரு ஆராய்ச்சி நடந்தது. பாதி நோயாளிகளைச் சானடோரியத்துல நல்ல சாப்பாட்டோட வச்சாங்க, பாதிப் பேரைக் குடிசையிலயே விட்டு மருந்து குடுத்தாங்க. ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி குணமாச்சு, வீட்ல இருந்ததால குடும்பத்துக்குக் கூடுதலாத் தொத்தவும் இல்லை. ஏழைங்க வீட்ல வச்சு மருந்தை ஒழுங்காச் சாப்பிட மாட்டாங்கன்னு சொன்னவங்க வாயை உலகம் பூரா அடைச்ச ஆராய்ச்சி, நம்ம சென்னைச் சேரிகள்ல நடந்தது. இப்போ சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாசம். ரெண்டு மாசத்துல இருமல் நிக்கும், அங்கதான் மருந்தையும் நிறுத்திடறாங்க. கிருமி தூங்குதே தவிரச் சாகலை. நிறுத்தினா அடுத்த தடவை அந்த மருந்து கேக்காது. சத்துணவுக்கு மாசம் 500 ரூபா குடுத்தாங்க, 2024 நவம்பர்ல இருந்து அதை 1000 ஆக்கினாங்க. நோயாளி யாராவது உங்க லைன்ல இருந்தா அந்தப் பணம் வருதான்னு கேளுங்க.

ஒரு சாவைப் பத்தி பேசாம இறங்க முடியாது. நான் வேலையில இருந்தப்ப ஒரு பொண்ணு, ரெண்டாவது பிரசவம், ரத்தப்போக்கு. ரத்தம் ஏழுக்கும் கீழ இருந்தது. இன்னொரு பொம்பளையா இருந்தா தாங்கியிருக்கும், இது தாங்கலை. தாய் செத்தா தமிழ்நாட்டுல விசாரணை உண்டு. படிவத்துல காரணம் எழுத இடம் உண்டு. அதிகாரிங்க கூட்டத்துல அதை வாசிச்சாங்க: "தாயின் விழிப்புணர்வின்மை, மாத்திரை உட்கொள்ளவில்லை." நான் எழுந்து, அந்தத் தோட்டத்து லைன்ல எத்தனை கக்கூசு இருக்குன்னு எழுதினீங்களா, எட்டாம் மாசம் வரைக்கும் மூட்டை தூக்கினதை எழுதினீங்களான்னு கேட்டேன். "சிஸ்டர், உக்காருங்க"ன்னாங்க. உக்காரலை. அதுக்கப்புறம் என்னை எந்த ஊருக்கு மாத்தினாங்கங்கிறது வேற கதை.

அந்தக் கக்கூசுக்கு வர்றேன். 1951-இல தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. குடிதண்ணி, கக்கூசு, மருத்துவம், குடியிருப்பு எல்லாம் தோட்ட முதலாளி பொறுப்புன்னு சொன்ன சட்டம். 1820-கள்ல காக்பர்ன் கலெக்டர் காலத்துல இந்த மலைக்குக் காப்பி வந்தது, நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு அதைப் பறிக்கிறவங்களுக்கு ஒரு கக்கூசு வேணும்னு சட்டம் எழுத. 2020-இல அதை எடுத்துத் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள்ள போட்டுட்டாங்க. தண்ணி, குடியிருப்பு, மருத்துவப் பொறுப்பு அங்கயும் இருக்கு. உங்க லைனுக்குப் பின்னாடி கக்கூசு இருக்கா, கதவு இருக்கா, தண்ணி இருக்கான்னு பாத்து எழுதி வைங்க. இல்லேன்னா எத்தனை வீட்டுக்கு எத்தனைன்னு எழுதுங்க. அதை எழுத அஞ்சாங்கிளாஸ் புள்ளை போதும்.

எழுதினதை எங்க குடுக்கிறது? தோட்டத்துக்குத் தொழிலாளர் துறை இருக்கு. ஊர்ப் பொதுக் குழாய்க்குக் கிராமசபை இருக்கு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, வருஷத்துல ஆறு. இதுல மார்ச் 22 தண்ணீர் தினம். அன்னைக்கு ஒரே ஒரு கேள்வி கேளுங்க: நாங்க குடிக்கிற தண்ணியைக் கடைசியா எப்போ பரிசோதனை பண்ணீங்க, காகிதத்தைக் காட்டுங்க. பத்துப் பொம்பளைங்க சேர்ந்து கேளுங்க, ஒருத்தரா எந்திரிச்சா உக்காருன்னுடுவாங்க. பதிலைத் தீர்மானப் புத்தகத்துல எழுதச் சொல்லி, எழுதினதை வாசிக்கச் சொல்லிட்டுக் கையெழுத்துப் போடுங்க.

கடைசி பஸ்ஸைப் பிடிக்க இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. மாத்திரைக் கவரை முந்தானையில முடிஞ்சு கொண்டு வந்திருக்கிறவங்க எல்லாம் இப்படி லைட்டுக்குக் கீழ வாங்க. எந்த மாத்திரை எதுக்கு, எப்போ, என்ன பண்ணும், ஒவ்வொண்ணாப் பாப்போம். அண்ணே, நீங்களும் வாங்க, அந்தச் சட்டைப் பையில இருக்கிறதையும் எடுங்க.